நான் ஆந்தை உத்தியோகம் பார்த்த குளிர்காலம்

எனக்குப் பாட வராது. சமைக்க வராது. மூன்று வருடம் மிருதங்க வகுப்புக்குப் போனதில் வாத்தியார் வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனதுதான் மிச்சம். ஆனால் ஆந்தை மாதிரி கத்துவேன். இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம்போலக் குவித்து, கட்டைவிரல்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் உதட்டை வைத்து ஊதினால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் தலையைத் தூக்கி மரத்தைப் பார்ப்பார்கள். அலுவலக விருந்துகளில் இதைச் செய்துகாட்டச் சொல்லி, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்று சொல்லிவைப்பேன். அது பாதி உண்மை. எட்டு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க அமெரிக்காவில் சான் ரமோன் என்ற ஊரில் நான் ஆந்தையாக உத்தியோகம் பார்த்தேன் என்பது மீதிப் பாதி. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. எங்களுக்குத் தெரிந்தவர்களில் விசா இல்லாமல் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது நாங்கள் இருந்தது வாடகை வீடு. பின்பக்கம் கையகலப் புல்தரை, அதற்கப்பால் ஒரு மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஓக் மரம். மரமும் அது நின்ற வீடும் நாங்கள் ஜப்பான் ஆன்ட்டி என்று கூப்பிட்ட பெண்மணிக்குச் சொந்தம். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அமெரிக்கரான கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காலையும் மதியமும் எங்கள் பள்ளி முனையில் பளீரென்ற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ‘ஸ்டாப்’ பலகையோடு நின்று, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்வரை கார்களை நிறுத்தி வைப்பார். நாலரை அடி உயரம்தான். எவ்வளவு பெரிய வண்டியும் அவர் பலகையைத் தூக்கினால் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்த வருடம் இடுப்பு வலி. அதாவது, எனக்குச் சொல்லப்பட்டது இடுப்பு வலி. உண்மையில் வயிற்றில் பிள்ளை. அதற்கு முன் இரண்டு முறை தரித்து, இரண்டு முறையும் நிற்கவில்லை. அந்த இரண்டாவது முறை எனக்கு ஆறு வயது. தங்கச்சிப் பாப்பா வரப்போகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். நான் வகுப்பில் சொன்னேன், பள்ளி நூலகத்தில் சொன்னேன், லிவர்மோர் கோயிலில் செருப்பு விடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கும் சொன்னேன். பிறகு எல்லாரிடமும் போய், இல்லையாம் என்று சொல்லவும் வேண்டியிருந்தது. ஆகவே இந்த முறை இடுப்பு வலி.

அக்டோபர் கடைசியில் ஓக் மரத்துக்கு ஓர் ஆந்தை வந்து சேர்ந்தது. காது மாதிரி இரண்டு கொம்பு வைத்த பெரிய ஆந்தை. தெருவெல்லாம் ஹாலோவீனுக்காக எலும்புக்கூடுகளையும் பிளாஸ்டிக் ஆந்தைகளையும் கட்டித் தொங்கவிட்டிருந்ததால், முதல் நாள் அம்மா அதையும் அலங்காரம் என்றே நினைத்தார். பொழுது சாயும் நேரத்தில் அலங்காரம் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து அலறியது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். அங்கே ஆந்தை அலறுவதை எண்ணிப் பலன் சொல்லும் பழக்கம் உண்டு. ஒன்று என்றால் சாவு. இரண்டு என்றால் நினைத்தது நடக்கும். நான்கு சண்டை, ஐந்து பயணம், ஆறு விருந்தாளி. எட்டு என்றால் மறுபடியும் சாவு, அதுவும் திடீரென்று. ஒன்பது உத்தமம், அதைவிட நல்லது எதுவும் கிடையாது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு நான் பார்த்தது, அம்மா கண்ணாடிக் கதவருகே நின்று விரல் மடக்கி எண்ணியதை மட்டும்தான்.

“அஞ்சுங்க” என்றார் அம்மா, அப்பா உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக. “அஞ்சு கத்துனா பயணம்.”

“கரெக்ட்தான. நாளைக்குக் காலைல சான்டா கிளாரா ஆபீஸுக்குப் போறேன். சிக்ஸ் எய்ட்டி ஃப்ரீவேல ஒன்றரை மணி நேரம். அதுக்கு ட்ராஃபிக் கூடத் தெரியும்போல.”

“வெளையாடாதீங்க. நாளைக்கும் இதே மாதிரி நல்லபடியாக் கத்துமான்னு யாரு கண்டா?”

“ஏம்மா, அது பொண்டாட்டியக் கூப்புடுது. அதுக்கு எண்ணத் தெரிஞ்சா என் டீம்ல சேத்துக்குவேனே.”

அப்பா எதையும் நம்பாதவர். ராகுகாலத்தில் காரைக் கிளப்புவார். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழி விட்டுவிட்டு நேராகப் போவார். ஆந்தை எல்லை காக்கக் கத்துகிறது, இனம் பெருக்கக் கத்துகிறது என்று ஏதேதோ படித்துவந்து அம்மாவுக்கு விளக்குவார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, விளக்கம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணுவார். நல்லவேளை, ஆந்தையும் ஒழுங்கான ஆந்தை. ஒரு மூச்சுக்கு ஐந்து. தினமும் ஐந்து. தினமும் அப்பா சான்டா கிளாரா போய் வந்தார்.

இந்தச் சமயத்தில் எங்கள் வகுப்பை மலையடிவாரப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த பூங்காக் காவலர்தான் கைகளைக் குவித்து ஆந்தைபோல ஊதக் கற்றுக்கொடுத்தார். இருபத்துநான்கு பேரில் எனக்கு மட்டும் முதல் ஊதலிலேயே வந்தது. வேறெதிலும் முதலாக வந்து பழக்கமில்லாத எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் திறமையை முதலில் யாரிடம் காட்டுவது என்று பேருந்தில் வரும்போதே முடிவுசெய்துவிட்டேன்.

அன்று புதன்கிழமை. மாலையில் அம்மா கண்ணாடிக் கதவருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். வீட்டின் பக்கவாட்டில், சுவருக்கும் வேலிக்கும் நடுவே, குப்பைத்தொட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்து உண்டு. நான் அங்கே ஒளிந்துகொண்டு, ஒரே ஒரு முறை, நன்றாக நீட்டி, ஊதினேன். அம்மா அலறுவார், நான் குதித்து வெளியே வந்து ‘நான்தான்!’ என்பேன் என்பது திட்டம்.

அம்மா அலறவில்லை. மடித்த துணியைக் கையில் வைத்தபடி மரத்தைப் பார்த்தார். ஒரு விரல் மடங்கியிருந்தது. அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். நான் சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அவர் அலறுவதற்காகக் காத்திருந்தேன். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிறகு அம்மா அந்த ஒற்றை விரலைப் பிரிக்காமலே மெல்லத் துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை எடுபடவில்லையே என்ற கடுப்பில் நான் உள்ளே போய் நூடுல்ஸ் கேட்டேன். செய்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. என்னை ஜப்பான் ஆன்ட்டி வீட்டில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா திரும்பி வந்தபோது, கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவை ஒட்டி ஒரு கட்டில் போட்டிருந்தது. இனிமேல் அம்மா படுத்தே இருக்க வேண்டும், பளுவான எதையும் தூக்கக்கூடாது, கோயிலுக்குக்கூடப் போகக்கூடாது. இடுப்பு வலி முற்றிவிட்டதாம். பள்ளி விட்டதும் பொழுது சாயும்வரை என்னைப் பார்த்துக்கொள்வதாக ஜப்பான் ஆன்ட்டி தானாகவே சொல்லியிருந்தார்.

அன்று மாலை கட்டிலில் படுத்தபடி அம்மா ஊரிலிருக்கும் பெரியம்மாவிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

“பொதங்கெழமை ஒத்தச் சத்தங்க்கா. ஒன்னே ஒன்னு. அப்பவே நெனச்சேன்.”

“அடக் கண்ணு, அதையெல்லாம் போயி எண்ணீட்டு! ஒன்னுன்னா சாவுங்கறதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. மனசப் போட்டுக் கொழப்பிக்காம இரு, எல்லாஞ் செரியாப் போயிரும்.”

பெரியம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். ஒன்று என்றால் சாவு. ஒன்று ஊதியவன் நான். அம்மா படுத்துவிட்டார். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் ஐந்து என்று எழுதுகிற பையன் நான். அன்றைக்கு மட்டும் கணக்கு எனக்குச் சரியாக வந்ததாகப் பட்டது. அம்மா சாகப்போகிறார், நான்தான் கொன்றேன்.

மறுநாள் ஜப்பான் ஆன்ட்டி வீட்டில் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே அலமாரியில் மரத்தில் செதுக்கிய ஓர் ஆந்தை இருந்தது. முழங்கை உயரம், உருண்டைக் கண். முந்தைய நாள்களில் அதைச் சாதாரணமாகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அது என்னையே பார்த்தது. தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் அப்போது தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிராணி. ஆகவே ஆங்கிலத்தில்தான் அழுதேன். அம்மா சாகப்போகிறார், காரணம் என் கைகள், இதோ இந்தக் கைகள் என்று குவித்துக்கூடக் காட்டினேன்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மர ஆந்தையை அலமாரியிலிருந்து எடுத்து என் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

ஜப்பானின் வடக்குக் கோடியில் இருக்கும் பெரிய தீவு அவர் பிறந்த இடம். அவருடைய அம்மா ஐனு என்ற இனத்தைச் சேர்ந்தவர். ஜப்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கடவுள் என்றால் கமுய். கரடி ஒரு கமுய், நெருப்பு ஒரு கமுய். ஆனால் ஊரைக் காக்கிற கமுய் ஆந்தைதான். மற்றவர்கள் உறங்கும்போது அது உயரமான மரத்தில் உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும். கெட்டது ஏதாவது ஊருக்குள் நுழையப் பார்த்தால் குரல் கொடுத்து விரட்டும். அவர்கள் ஊர் ஆந்தை மீன் பிடிக்கும், சிறு பிள்ளை உயரம் இருக்கும். நம் ஓக் மரத்தில் இருப்பது அதற்குத் தூரத்துச் சொந்தம்.

எத்தனை தடவை கத்தினால் நல்லது என்று கேட்டேன். ஆன்ட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை விளக்கிய பிறகு, காவல்காரர் இருமினால் எத்தனை இருமல் என்று யாராவது எண்ணுவார்களா, ஆள் விழித்திருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள் என்றார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். கமுய்கள் தங்கள் உலகத்தில் நம்மைப் போலத்தான் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்குமாம். நம்மிடம் வரும்போது மட்டும் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வருமாம். இறக்கை, அலகு, உருண்டைக் கண் என்று நாம் பார்ப்பதெல்லாம் அந்தச் சட்டைதான். உள்ளே இருப்பது யார் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றினால்தானே தெரியும் என்றார்.

தன் அம்மா ஐனு என்பதைப் பள்ளிக்கூடத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். தெரிந்தால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கணவரிடமே கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாராம். என்னிடம் எதற்குச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: இப்போது என்ன செய்வது?

மன்னிப்புக் கேள் என்றார்.

அதற்கு ஒரு முறை இருந்தது. மரக்குச்சியை நுனிவரை மெல்லியதாகச் சீவி, சீவல்கள் உதிராமல் சுருள் சுருளாகத் தொங்கும்படி செய்து கமுய்க்குக் காணிக்கையாக வைப்பார்களாம். அவர் அம்மா ஊரில் அது ஆண்கள் செய்யும் வேலை. அவருடைய மாமா நல்ல கத்தியும் வில்லோ மரக் குச்சியும் வைத்துச் செய்வாராம். எங்களிடம் இருந்தது உருளைக்கிழங்கு தோல் சீவும் கருவியும் ஆப்பிள் மரக் கிளையும். முக்கால் மணி நேரம் சீவியதில் கிடைத்தது சுருள் முடி வைத்த பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒன்று. கடவுள் கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். கோபித்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், கடவுள் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அவர் அம்மா பக்கத்து ஆட்கள் நேருக்கு நேராகத் திட்டுவார்கள் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மாவும் பழனி முருகனை அப்படித்தான் நடத்துவார்.

எந்த மொழியில் பேச வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. உன் அம்மா உன்னை எந்த மொழியில் திட்டுவார், அதில் பேசு என்றார். ஓக் மரத்தடியில் பிரஷ்ஷை நட்டுவைத்துவிட்டு, மேலே பார்த்துச் சொன்னேன்: “சாமி, சாரி. அன்னிக்குக் கத்துனது நீ இல்ல, நானு. அம்மாவ ஒன்னும் பண்ணிராத.” நான் அமெரிக்கா வந்த பிறகு இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசியது அதுதான் முதல் முறை. பக்கத்தில் ஆன்ட்டி கைகளைத் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, மெல்ல அசைத்து, மரத்துக்குத் தலை குனிந்து வணங்கினார். ஆந்தை மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தது.

அந்த வாரமே ஆன்ட்டி ஒரு பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தார். என் குற்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆந்தையைப் பற்றி மட்டும் சொன்னார். அம்மா, “ஓகே ஆன்ட்டி, தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று கேட்டுக்கொண்டார். அப்பா வந்ததும் செய்தி போனது.

“நம்ம கருப்பராயன் மாதிரிங்களாமா. ஊர்க்காவலாமா.”

“பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, பயப்படாதன்னு.”

“நீங்க எங்க சொன்னீங்க? பொண்டாட்டியக் கூப்புடுதுன்னு சொன்னீங்க.”

“சரி, இப்ப எண்றத விட்றலாமில்ல?”

அம்மா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டார். “கருப்பராயனே ஆனாலும் கணக்கு கணக்குதானுங்க” என்றார்.

ஆக, காவல் உறுதியாயிற்று, எண்ணிக்கை மாறவில்லை. கோயிலுக்குப் போக முடியாத அம்மாவுக்கு அந்தி நேரத்து ஆந்தைச் சத்தமே அர்ச்சனை மாதிரி ஆகிவிட்டது. தலையணையில் சாய்ந்து மரத்தைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, கூப்பிய கையைப் பிரித்து விரல் மடக்குவார். ஐந்து வந்தால் பெருமூச்சு விடுவார். பெரியம்மாவிடம் அவர் போனில் பேசியதைக் கேட்டுக் கேட்டு, எண்ணிக்கைப் பலன் முழுவதும், ஒன்பதுக்குத்தான் அவர் காத்திருக்கிறார் என்பதும் எனக்கு விளங்கிவிட்டன.

அது விளங்கிய அன்றே நான் உத்தியோகத்தில் சேர்ந்தேன். ஆந்தை ஐந்து கத்தும். அந்த ஐந்தாவது ஓய்வதற்குள் நான் சந்திலிருந்து நாலு சேர்ப்பேன். நடுவில் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் புதுக் கணக்கு. என்னையும் அறியாமல் ஐந்து ஊதிவிட்டாலும் போச்சு, பத்துக்குப் பலனே கிடையாது. சில நாள் நான் முடித்த பிறகு ஆந்தை எனக்குப் பதில் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கும். வெளியே போக ஒரு காரணம் வேண்டுமே என்று, “குப்ப போட்டுட்டு வர்றேன்” என்று கிளம்புவேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக் குப்பைக்கூடை நிறைந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வாழைப்பழத் தோல் விழுந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். பையன் பொறுப்பாகிவிட்டான் என்று பெரியம்மாவுக்கே தகவல் போயிற்று.

பொங்கலுக்குப் பிறகு, இனி இடுப்பு வலி என்று சொன்னால் நான்கூட நம்ப மாட்டேன் என்ற அளவுக்கு வயிறு வந்ததும், விஷயத்தைச் சொன்னார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கினார். சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷத்துக்கு முன் அந்தப் புதன்கிழமைதான் நினைவுக்கு வந்தது. நான் ஊதிய அந்த ஒற்றைச் சத்தத்தில் அம்மா மட்டும் இல்லை, இன்னொரு ஆளும் மாட்டியிருக்கிறது.

அதே வாரம் ஆந்தை காணாமல் போனது.

முதல் நாள் மழை என்று நினைத்தோம். நான்காவது நாள் அம்மா சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டே இருந்தார்.

“எங்கீங்க போயிருக்கும்?”

“வேற ஒரு ஆந்த பக்கத்துல வந்து கத்தியிருக்கும். போட்டி புடிக்காம இது எடத்தக் காலி பண்ணிருக்கும்” என்றார் அப்பா.

எனக்குத் தோசை தொண்டையில் நின்றுவிட்டது. ஒரு ஊர்க்காவல் தெய்வத்தைக் கத்தியே துரத்திய பெருமை உலகத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று தெரியவில்லை. அப்பா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

ஆன்ட்டியிடம் ஓடினேன். அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்தார். வந்த கமுய் போகத்தான் செய்யும், நன்றி சொல்லி அனுப்பினால் மறுபடியும் வரும் என்றார். அதுவரைக்கும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். இருக்கிறவர்கள்தான் என்றார். எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. இருக்கிறவன் நான் ஒருவன்தானே? அன்றிலிருந்து ஒன்பதையும் நானே ஊதினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. அம்மா சாப்பிட்டார், தூங்கினார், “நம்ம சாமி திரும்பி வந்துருச்சுங்க” என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அப்பா, “ம்” என்பார்.

பிப்ரவரியில் ஒரு நாள். மறுநாள் காலை மருத்துவமனையில் முக்கியமான ஸ்கேன் இருந்தது. முந்தைய இரண்டு முறையும் இப்படி ஒரு ஸ்கேனில்தான் கெட்ட செய்தி வந்ததாம். காலையிலிருந்தே அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கோ மூன்று நாளாகச் சளி. பேசினால் தவளை, ஊதினால் வெறும் காற்று. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துப் பார்த்தேன், மிளகுத்தூளைத் தேனில் குழைத்து நக்கிப் பார்த்தேன். பொழுது சாயத் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார். திறந்து வைத்துவிட்டு, காலிக் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன்.

முதல் மூன்றும் நன்றாக வந்தன. நான்காவதில் கரகரப்பு. ஆறாவதில் மூச்சு திணறியது. ஏழாவது ஆந்தையாகத் தொடங்கிப் புறாவாக முடிந்தது. எட்டாவதை எப்படியோ தள்ளிவிட்டேன். ஒன்பதாவதுக்கு வாயை வைத்து ஊதினால் காற்று மட்டும் வருகிறது. மறுபடியும் ஊதினேன். காற்று. எட்டு! இருக்கிற எண்களிலேயே மோசமான எண்ணில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா எட்டு விரலை மடக்கிக்கொண்டு காத்திருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இன்னும் ஒரு நொடி போனால் கணக்கு முடிந்துவிடும்.

அப்போது ஒன்பதாவது கேட்டது.

மரத்திலிருந்து அல்ல. சந்தின் மறுகோடியில், வாசல் பக்கத்து வேலிக்கதவைத் தாண்டி, காரேஜ் பக்கத்திலிருந்து. கட்டையான குரல், ஓரமெல்லாம் பிசிறு. நான் கேட்டதிலேயே மோசமான ஆந்தை. ஆனால் ஒன்பது ஒன்பதுதான்.

கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அம்மா கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார். “ஒம்போது கண்ணு” என்றார். கன்னமெல்லாம் ஈரம். பிறகு, காலையிலிருந்து முதல் முறையாக, பசிக்கிறது என்றார்.

ஒரு நிமிடம் கழித்து வாசற்கதவு திறந்து அப்பா வந்தார். மறுநாள் ஸ்கேன் என்பதால் சீக்கிரம் கிளம்பிவிட்டாராம். ஆபீஸில் கொடுத்த சாம்பல் நிற ஜாக்கெட் மழையில் நனைந்து, தோளில் தண்ணீர் சொட்டியது. இருமிக்கொண்டே வந்தார். இருமல் நிற்கவே இல்லை.

“தொண்டைய என்ன பண்ணீட்டு வந்தீங்க?” என்றார் அம்மா.

“ஒன்னுமில்ல. வண்டில ஏசி” என்றார் அப்பா. பிப்ரவரி மாதத்தில்.

என் சளி அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. என் மிளகுத் தேனில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நக்கினார்.

ஸ்கேன் நன்றாக இருந்தது. ஐந்து வாரம் கழித்துத் தங்கை பிறந்தாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. ஆந்தை மாதிரி ஊத எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு வரவில்லை. அந்த விஷயத்தில் அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஸ்கேனுக்குப் போகிற வழியில் அப்பா என்னைப் பள்ளியில் இறக்கிவிட்ட அந்தக் காலையைப் பற்றி. ஜப்பான் ஆன்ட்டி மழைக்கோட்டின் மேல் மஞ்சள் சட்டையோடு முனையில் நின்றுகொண்டிருந்தார். காரிலிருந்து குதித்து ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்கச் சொன்னேன். அது வந்துவிட்டது. என் குரல் போய்விட்டது, அதுவே வந்து ஒன்பதாவதைக் கத்தியது. நிஜமான கமுய்.

எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது என்று கேட்டார். காரேஜ் பக்கத்திலிருந்து என்றேன். பார்த்தாயா என்றார். இருட்டிவிட்டது, பார்க்கவில்லை, அதற்குள் அப்பா வந்துவிட்டார் என்றேன்.

ஆன்ட்டி என்னைத் தாண்டி எங்கள் காரைப் பார்த்தார். பின்சீட்டில் அம்மா சாய்ந்து படுத்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா இருமிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி ‘ஸ்டாப்’ பலகையைத் தூக்கி நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். பிறகு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, மெல்ல அசைத்து, ஓக் மரத்துக்குக் குனிந்த மாதிரியே அப்பாவுக்குக் குனிந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி கும்பிடாத மனிதருக்கு எதற்கு இந்த மரியாதை? அப்பாவுக்கும் கூச்சமாகப் போய்விட்டது போலிருக்கிறது. அந்தச் சாம்பல் ஜாக்கெட்டின் காலரைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், இருமியபடியே காரை நகர்த்தினார்.